வழி விட்டு நிற்கிறது

முந்திரிப் பருப்புத் தட்டத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நேராக நடந்தால் பத்தடியில் போய்ச் சேரக்கூடிய எடை மேசைக்கு மாமி ஆலைக் கூடம் முழுவதையும் சுற்றிக்கொண்டு நடந்ததைப் பதினோரு நாள் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கூடத்தின் நடுவில் இயந்திரக் கையை நிறுவியவன் நான். அது டின்களைக் கீறாமல் அடுக்குகிறதா, எடை மேசையின் சமிக்ஞை அதற்குச் சரியாகப் போய்ச் சேருகிறதா என்பதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். முழங்கால் வலியுள்ள ஒரு மூத்த பெண்மணி ஒரு நாளைக்கு எத்தனை முறை கூடுதலாக நடக்கிறார் என்பது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. இதை எழுத உட்காரவே எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அண்டி ஆபீஸ் என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு, அது முந்திரி ஆலை. என் அம்மாவும் மாமியும் ஒரே அண்டி ஆபீஸில் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதலில் முந்திரிக்கொட்டையின் தோடு உடைத்தார்கள். தோட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் நுனிகள் கறுத்துத்தான் இருக்கும். பிறகு தோல் உரிக்கும் பகுதி, அதன் பிறகு தரம் பிரிக்கும் பகுதி. அம்மா இடையில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டார். மாமி தொடர்ந்தார். முப்பது வருடத்துக்கும் மேலாகிறது. தரக் கணக்கில் 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை நிற்கும் முழுப்பருப்பு, 240 என்றால் 220 முதல் 240 வரை. எங்களைப் போன்றவர்கள் தராசு வைத்துத்தான் சொல்ல முடியும். மாமியின் விரல்களுக்கு அது தெரியும். ஒரு பிடி அள்ளி, கட்டைவிரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே, பிளவு ஒரு பக்கம், கரிந்தது ஒரு பக்கம், 240 ஒரு பக்கம், 320 ஒரு பக்கம் என்று ஒதுக்கிவிடுவார். அப்போது அவர் பேசிக்கொண்டும் இருப்பார்.

நான் நாகர்கோவிலில் பாலிடெக்னிக் முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து கார் ஆலை ஒன்றில் பத்து வருடம் ரோபோக்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இங்குள்ள சிறிய ஆலைகளுக்கு இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கிறேன். அப்படி வந்ததுதான் அந்த முந்திரி ஆலையின் வேலை. பருப்பு நிரப்பி மூடிய டின் ஒன்றில் 25 பவுண்டு இருக்கும், அதாவது 11.34 கிலோ. அதை நாள் முழுக்கக் குனிந்து தூக்கி அடுக்குவதற்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் முதுகு போய்விடுகிறது. முதலாளி கடன் வாங்கி ஒரு இயந்திரக் கையை வாங்கினார். கூண்டு தேவைப்படாத வகை. ஆட்கள் நடமாடும் இடத்திலேயே நின்று வேலை செய்யும். யாராவது நெருங்கினால் தானாக மெதுவாகும், இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். முதல் நாள் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து நான் சொன்னது ஒரே வாக்கியம்: “பயப்படாதீர்கள், அது தானாக நின்றுவிடும்.” அந்த வாக்கியம் போதும் என்று உண்மையாகவே நம்பினேன்.

கூண்டு இருந்த காலம்

ஸ்ரீபெரும்புதூரில் நான் பழகிய ரோபோக்கள் எல்லாம் கூண்டுக்குள் இருந்தவை. இடுப்புக்கு மேல் உயர்ந்த கம்பி வலை, கதவு திறந்தால் மின்சாரம் துண்டிக்கும் பூட்டு, மஞ்சள் வர்ணம். வேலியே அங்கே பேச்சு. உள்ளே போகாதே என்ற ஒரு சொல்லைத்தான் மனிதனுக்கு அது சொல்ல வேண்டியிருந்தது. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கார் ஆலையில் யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ சூடான வார்ப்புத் துண்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு இந்த வேலிதான் வழக்கமாக இருந்தது. வேலி சரியில்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதல் பாடமாகச் சொன்னார்கள். 1979 ஜனவரி 25 அன்று மிச்சிகனில் ஒரு வார்ப்பு ஆலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி, பொருட்களை எடுத்துவரும் ரோபோ சரியாக இயங்காததால் தானே அடுக்குக்குள் ஏறிப் பொருளை எடுக்கப் போனார். ரோபோ நிற்கவில்லை. சத்தமில்லாமல் பின்னாலிருந்து வந்த அதன் கை அவர் தலையில் அடித்தது. ஆள் அருகில் இருக்கும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஏற்பாடு அதில் இல்லை என்பது பின்னர் வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. சத்தமில்லாமல் வந்தது என்ற இரண்டு சொற்கள் அன்றைக்கே என் மனதில் தைத்தன. ஆனால் அதற்கு முழு அர்த்தம் வேறொரு கூடத்தில்தான் புரிந்தது.

அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பொருள் ஒன்று உண்டு. ரோபோவுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போது நாம் கையில் பிடித்துக்கொள்ளும் பலகையின் பின்பக்கத்தில் ஒரு விசை இருக்கும். அதற்கு மூன்று நிலைகள். தொடாமல் விட்டால் ரோபோ அசையாது. மெதுவாக, பாதி அழுத்திப் பிடித்தால் அசையும். முழுதாக இறுக்கி அழுத்தினால் மறுபடி நின்றுவிடும். ஏன் அப்படி என்றால், பயந்த கை இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சிலர் திடுக்கிட்டால் பிடியை விட்டுவிடுவார்கள். சிலர் இறுகப் பற்றிக்கொள்வார்கள். இரண்டில் எது நடந்தாலும் ரோபோ அதை ‘நில்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நிதானமான கைக்கு மட்டுமே அது கீழ்ப்படியும். அதுவும் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், நம்மோடு நடந்துவருவது போல. மனிதனின் பயத்தைக் கேட்கத் தெரிந்த ஒரு பொறியை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் மரியாதை தருகிற விஷயம்.

கூண்டை எடுத்துவிட்ட பிறகுதான் கணக்கு சிக்கலாகியது. மனிதனும் ரோபோவும் பக்கத்தில் நின்று வேலை செய்வதற்கான சர்வதேச வழிகாட்டி ஒன்று 2016-இல் வெளிவந்தது. மனித உடலை 29 இடங்களாகப் பிரித்து, நெற்றியில் எவ்வளவு, விரலில் எவ்வளவு, தொடையில் எவ்வளவு அழுத்தம் வரை தாங்கலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். ஆள் நெருங்க நெருங்க வேகம் எப்படிக் குறைய வேண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கும் சூத்திரம் உண்டு. அந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் முந்திரி ஆலையின் தரையில் மஞ்சள் கோடு கிழித்தேன். இயந்திரக் கையின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், லேசர் கண் ஒன்றைப் பொருத்தினேன். மஞ்சள் கோட்டுக்குள் யார் கால் வைத்தாலும் கை மெதுவாகும். உள்ளேயுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டினால் நின்றுவிடும். அளந்து பார்த்தேன், எல்லாம் சூத்திரத்துக்குள் இருந்தது. ஒருவரையும் அது தொட வழியில்லை.

பதினோரு நாள்

அந்தக் கை பேசாமல் இருக்கவில்லை. அது என் மொழியில் பேசியது. தூணில் மூன்று நிற விளக்கு. பச்சை என்றால் ஓட்டம், மஞ்சள் என்றால் ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, சிவப்பு என்றால் நிறுத்தம். பக்கத்தில் சிறு திரை, அதில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வந்து போகும். எனக்கு அதைப் படிக்க ஒரு கணம் போதும்: பாதுகாப்புக்காக நின்றிருக்கிறது, தடை நீங்கினால் தானே ஓடும். கூடத்தில் இருந்த இருபத்திரண்டு பெண்களில் அதைப் படிக்கக்கூடியவர்கள் மூன்று பேர். அவர்களும் படித்தது ‘ஸ்டாப்’ என்ற சொல்லை மட்டும். தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம், மேற்பார்வையாளர் வந்து கேட்கப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மேற்பார்வையாளரும் வருவார். அவருக்கும் அந்தச் சொற்களின் பொருள் தெரியாது. ஆனால் நாள் முடிவில் எத்தனை டின் அடுக்கியது என்ற எண் தெரியும். அது குறைந்தால் கேள்வி அவருக்கு வரும். “அங்கே ஏன் போய் நிற்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். மஞ்சள் கோட்டுக்குள் இருப்பது எடை மேசைக்குப் போகும் வழி என்பது அவர் நினைவில் இருக்காது.

காரணம் சொல்லாமல் ஒன்று நம் முன் நின்றால், காரணத்தை நாமே உண்டாக்கிக்கொள்வோம். முதல் வாரத்திலேயே கூடத்தில் பல கதைகள் உலவின. மின்சாரம் குறைவதால்தான் மெதுவாகிறது என்றாள் ஒரு பெண். பித்தளை வளையல் போட்டிருந்தால் அதற்கு ஆகாது என்று இன்னொருத்தி சொல்லி, இரண்டு பேர் வளையலைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார்கள். ஒரு நாள் மதியம் முழுவதும் கை ஆமை போல நகர்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கூடை ஒன்றை யாரோ மஞ்சள் கோட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். லேசர் கண்ணுக்குக் கூடையும் காலும் ஒன்றுதான். கூடையை நகர்த்தியவுடன் சரியானது. நான் நகர்த்தினேன், யாரிடமும் எதுவும் சொல்லாமல். பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கூடையை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், அன்றைக்கே பாதிக் கதைகள் முடிந்திருக்கும்.

பன்னிரண்டாவது நாள் நாலு மணிக்குக் கட்டன் சாயா, அதாவது பால் இல்லாத தேநீர், வந்தது. பெண்கள் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். மாமி மட்டும் தரம் பிரிக்கும் மேசையருகில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, கேட்க வேண்டும் என்று திட்டமிடாமல், “நீங்கள் ஏன் மாமி சுற்றிப் போகிறீர்கள்? நேராகப் போகலாமே” என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். டம்ளரை மேசை விளிம்பில் வைத்து, அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபடியும் விளிம்புக்கே இழுத்தார்.

“நான் பக்கத்தில் போனால் அது தளர்ந்துவிடுகிறது, மக்களே.”

“அது எல்லாருக்கும் அப்படித்தான் மாமி.”

“இருக்கும். ஆனால் எனக்கு அது கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.”

மாமிக்கு முப்பத்தொரு வயதில் கணவர் இறந்துபோனார். அதன் பிறகு அவர் போன கல்யாணங்களில் எல்லாம், தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்காக வரிசையாகக் கொண்டுவருவார்களே, அந்தத் தட்டு தன் அருகில் வரும்போது கொண்டுவருகிறவளின் நடை தளரும் என்றார். ஒரு நொடி. பிறகு அடுத்தவரிடம் போய்விடும். யாரும் எதுவும் சொல்வதில்லை. யாரும் மனதில் கெட்ட எண்ணம் வைத்திருப்பதும் இல்லை. அந்தத் தளர்ச்சி மட்டும்தான். “அந்த நொடியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நான் முன்வரிசையில் உட்காருவதையே விட்டுவிட்டேன். இங்கேயும் நான் வந்தால்தான் டின் கணக்குக் குறைகிறது என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சுற்றிப் போய்விடலாம் என்று நினைத்தேன். நடப்பதில் எனக்கு என்ன நஷ்டம்?” இதைக் குரல் மாறாமல் சொன்னார். சொல்லிவிட்டு மீதிச் சாயாவைக் குடித்தார்.

நான் அந்தத் தளர்ச்சியை உண்டாக்கியவன். நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எண் போட்டுக் கொடுத்தவன். அந்தக் கை மாமியின் அருகில் மெதுவாகியது அவருடைய எலும்புக்கும் தோலுக்கும் காட்டிய மரியாதை. அந்தக் கூடத்தில் அவருக்காக வேகத்தைக் குறைத்த ஒரே பொருள் அதுதான். அப்படிப்பட்ட ஒன்று, காரணத்தைச் சொல்லாததால், அவர் வாழ்க்கையிலேயே அதிகம் வலித்த ஒரு அசைவின் சாயலை எடுத்துக்கொண்டது. உடம்பின் 29 இடங்களுக்கும் அட்டவணை உண்டு. தாலித் தட்டு தாண்டிப்போகும் இடத்துக்கு அதில் வரிசை இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தூரம்

இந்த மாவட்டத்தில் தூரம் என்பது வெறும் அளவு கிடையாது. முன்பு இது அடங்கியிருந்த திருவிதாங்கூர் ஆட்சியில், யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி கணக்கு இருந்தது. மேல்சாதியினர் வருவது தெரிந்தால் பாதையை விட்டு இறங்கி ஒதுங்க வேண்டும். ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் சுமை சுமக்கவும் அரசுக்கும் கோயிலுக்கும் வேலை செய்யவும் ஆட்களைப் பிடித்துப் போனார்கள். சாமிதோப்பில் சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் எதிர்த்தது இந்த ஊழியத்தையும்தான். தலைப்பாகை கட்டிக்கொண்டு நிமிர்ந்து வந்து வணங்கச் சொன்னதும் அந்த ஒதுங்கலுக்கு எதிராகத்தான். ரோபோ என்ற சொல்லே செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய உழைப்பு. எங்கள் பாட்டனார்களின் ஊழியத்துக்குச் செக் நாட்டில் இருந்த பெயர் என்று அதைச் சொல்லலாம். இன்று எங்கள் ஊரில் ஊழியம் என்றால் தேவாலயப் பணி என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். சொல்லின் பழைய அர்த்தம் மறந்துபோயிருக்கலாம். ஒதுங்கி நடக்கும் பழக்கம் உடம்பை விட்டு அவ்வளவு எளிதில் போவதில்லை.

அப்படிப்பட்ட மண்ணில் நான் தரையில் ஒரு மஞ்சள் கோடு கிழித்திருந்தேன். கோடு யாருக்கு என்று எழுதவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்த இருபத்திரண்டு பேரும், தாங்கள் அதைத் தாண்டக் கூடாது என்றே எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? தரையில் கோடு என்றால் மனிதன் ஒதுங்க வேண்டும் என்பதுதான் இதுவரை அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அந்தக் கோடு இயந்திரத்துக்கானது. அவர்கள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். அவர்கள் வந்தால் அதுதான் வேகத்தைக் குறைத்து ஒதுங்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு பொறியியல் மாற்றமும் தேவையில்லை, ஒரு வாய்தான் தேவைப்பட்டது. மறுநாள் காலை வேலை தொடங்குவதற்கு முன் எல்லாரையும் அழைத்துக் கோட்டுக்குள் நடந்து காட்டி அதைச் சொன்னேன். மாமியையும் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றார். பிறகு வந்தார்.

எந்தச் சொல்

சொன்னது ஒரு நாளுக்குத்தான் போதும். இயந்திரமே சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும். திரையில் வரும் வாசகத்தை மாற்ற உட்கார்ந்தேன். நான் முதலில் எழுதியது: ‘பாதுகாப்பு நிறுத்தம்.’ அடுத்து: ‘இயக்கம் நிறுத்தப்பட்டது. பகுதியை விட்டு விலகவும்.’ அரசு அலுவலகப் பலகை போல இருந்தது. மாமியிடம் படித்துக் காட்டினேன். விலகவும் என்ற இடத்தில் அவர் முகம் சுருங்கியது. “விலகு என்றா சொல்லப்போகிறது?” என்றார். “அப்படியானால் அது என்ன சொல்ல வேண்டும் மாமி?” அவர் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஒரு டின்னை எடுத்து, திரும்பி, பலகையில் வைத்தது. அடுத்ததை எடுத்தது. “பஸ்ஸில் ஏறும்போது நல்ல கண்டக்டர் நின்று, ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்வாரே. அப்படி. வழி விட்டு நிற்கிறது என்று போடு.” அதையே போட்டேன். மஞ்சள் கோட்டுக்குள் ஆள் வந்தால், ‘ஆள் அருகில் இருப்பதால் மெதுவாகப் போகிறது.’ சிவப்புக் கோட்டைத் தாண்டினால், ‘உங்களுக்கு வழி விட்டு நிற்கிறது.’ நிறுத்தப்பட்டது என்பதற்கும் வழி விட்டு நிற்கிறது என்பதற்கும் இயந்திரத்தின் உள்ளே ஒரு வித்தியாசமும் இல்லை. அதே மின்கம்பியில் அதே சமிக்ஞைதான் ஓடுகிறது.

எழுத்து மட்டும் போதாது, தட்டம் சுமந்து வருகிறவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு சிறு ஒலிபெருக்கியும் சேர்த்தேன். யார் குரல் என்ற பேச்சு வந்தது. முதலாளி, செய்தி வாசிப்பது போல யாரிடமாவது பதிவு செய்யலாம் என்றார். மற்ற பெண்கள் மாமியே பேசட்டும் என்றார்கள். என் செல்போனிலேயே பதிவு செய்தோம். நாலு முறை சொல்லி, ஐந்தாவது முறைதான் அவருக்குத் திருப்தி. ஆனால் முதல் நாளே ஒரு தவறு தெரிந்தது. கை மெதுவான பிறகு குரல் வந்தது. ஒன்று நடந்து முடிந்த பிறகு சொல்வது அறிவிப்பு ஆகாது. எங்கள் வீட்டுக்குத் தேங்காய் வெட்ட வருகிறவர் அரிவாளை ஓங்குவதற்கு முன் கீழே பார்த்து, “அடியில் ஆள் உண்டா? மாறு!” என்று குரல் கொடுப்பார். பதில் வரும்வரை குலையில் கை வைக்க மாட்டார். காய் விழுந்த பிறகு மாறு என்று சொல்வதில் யாருக்கு என்ன பயன்? மஞ்சள் கோட்டுக்கு வெளியே இன்னும் இரண்டடி தள்ளி மூன்றாவது வட்டம் ஒன்றை லேசர் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதில் கால் வைத்தால் வேகம் மாறாது, குரல் மட்டும் வரும். குரல் வந்து, பிறகு நடை தளரும். முன்னால் சொல்லப்பட்ட தளர்ச்சி வேறு மாதிரி இருந்தது என்றார் மாமி.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் காது சலித்துவிட்டது. கூடத்தில் ஆட்கள் ஓயாமல் நடக்கிறார்கள், குரலும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. எப்போதும் ஒலிக்கும் குரலை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய நேரத்திலும் கேட்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. ஆகவே குரலைச் சுருக்கினோம். மெதுவாகும்போது விளக்கும் எழுத்தும் மட்டும். முழுதாக நிற்கும்போதும், நின்ற பிறகு மறுபடி அசையத் தொடங்குவதற்கு முன்பும் குரல். இந்த இரண்டாவதுதான் மிகவும் முக்கியம் என்பது என் எண்ணம். நிற்பதில் ஆபத்தில்லை. நின்றது மறுபடி எழும்போதுதான் மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

சிவப்புப் பொத்தான்

இவ்வளவும் இயந்திரம் மனிதனிடம் பேசுவது. மனிதன் அதனிடம் பேச ஒரே ஒரு வழிதான் கொடுத்திருந்தோம்: மஞ்சள் பின்புலத்தில் காளான் போல நிற்கும் சிவப்புப் பொத்தான். உள்ளங்கையால் அடித்தால் எல்லாம் நின்றுவிடும். ஒரு நாள் டின் ஒன்று சாய்ந்து, மூடி பிதுங்கி, கை அதை அப்படியே அடுக்கி, மேலே அடுத்ததையும் வைத்தது. பருப்பு தரையெங்கும் சிதறியது. பொத்தான் பக்கத்திலேயே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தாள், ஆனால் அடிக்கவில்லை. பிறகு தனியாகக் கேட்டபோது, “அடித்தால் இயந்திரம் கெட்டுவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களே அண்ணா” என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்த ஆலையில் இதற்கு முன்பு எதையாவது நிறுத்தச் சொல்லி ஒரு பெண்ணிடம் யாரும் சொன்னதில்லை. பொத்தான் சிவப்பாக இருந்தால் மட்டும் அடிக்கும் தைரியம் வந்துவிடாது.

ஜப்பானில் டொயோட்டா ஆலைகளில் தொழிலாளி இழுப்பதற்கென்று ஒரு கயிற்றைத் தொங்கவிடும் வழக்கம் வந்தது. கோளாறு ஒன்றைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். உடனே பொறுப்பாளர் வந்து என்னவென்று பார்ப்பார், தேவைப்பட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவரைத் திட்டுவதில்லை என்பதுதான் அந்தக் கயிற்றின் உயிர். ஸ்ரீபெரும்புதூரில் இதே கயிற்றைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். கயிறு இருந்தும் இழுக்காத கூடங்களையும் பார்த்திருக்கிறேன். முதலாளியிடம் போய், அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். வந்தார், பொத்தானை அடித்தால் யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன் என்று சொன்னார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு முறை வந்து அடிக்க வேண்டும் என்றோம். முதலில் மாமி. உள்ளங்கையை மெல்ல வைத்தார், அழுந்தவில்லை. “ஓங்கி அடியுங்கள் மாமி” என்றேன். முந்திரியை உடைக்காமல் முப்பது வருடம் தொட்ட கை அது, ஓங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடித்தார். இயந்திரக் கை அந்தரத்தில் டின்னோடு நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

போன மாதம் வேறொரு வேலையாக அந்த ஆலைக்குப் போயிருந்தேன். அசாமிலிருந்து இரண்டு பெண்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எடை மேசைக்குப் போகும்போது குரல் கேட்டுத் திடுக்கிட்டுத் தட்டத்தோடு பின்வாங்கிவிட்டாள். சுற்றிப் போகலாமா என்று கண்ணால் வழி தேடினாள். நான் எழுந்தேன். அவளுடைய மொழியிலும் ஒரு பதிவு வேண்டும், அதை யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போவதற்குள் மாமி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். தட்டத்தை வாங்கி மேசையில் வைத்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குள் ஒரு அடி வைத்தார். கை மெதுவானது. வெளியே வந்தார்கள். கை வேகமெடுத்தது. மறுபடியும் உள்ளே, மறுபடியும் வெளியே. மூன்றாவது முறை மாமி அவள் கையை விட்டுவிட்டு, நீ போ என்று தலையை அசைத்தார். அவள் தனியாக உள்ளே போய்ச் சிவப்புக் கோட்டையும் தாண்டி நின்றாள். எதிரே இயந்திரக் கை பதினொன்றரைக் கிலோ டின்னைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றது. ஒலிபெருக்கி மாமியின் குரலில், அவளுக்குப் புரியாத தமிழில், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுவிட்டு மாமியைத் திரும்பிப் பார்த்தாள், அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டவள் போல.